சான்றாக நின்ற சொல்

இனுயிட் மக்களின் உண்டு உறைவிடப் பள்ளித் துயரமும் நீதி வேட்கையும்

(இலக்கிய வட்டக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

சொல்லை ஆள்வோர் கூடியிருக்கும் அவை இது. சொல் பறிக்கப்பட்ட ஒரு மக்களினம் அச்சொல்லைக் கொண்டே நீதி கேட்ட வரலாற்றை இவ்வவையில் எடுத்துரைப்பது பொருத்தமுடையதாகும். கனடா நாட்டின் வடகோடியில், ஆர்க்டிக் கடலை அடுத்த பனிநிலத்தில் வாழும் இனுயிட் மக்களே அவ்வினத்தார். பழைய பாடநூல்கள் இவர்களை 'எஸ்கிமோ' என்று குறித்தன. அது பிறர் இட்ட பெயர்; கனடாவில் வாழும் இம்மக்கள் அதனை இழிசொல்லாகவே கருதுகின்றனர். 'இனுயிட்' என்னும் சொல்லுக்கு அவர்கள் மொழியில் 'மக்கள்' என்பது பொருள். ஒருவரைக் குறிக்கும்போது 'இனுக்' என்பர்.

இம்மக்களின் பிள்ளைகள் 20ஆம் நூற்றாண்டில் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு, உண்டு உறைவிடப் பள்ளிகளில் சேர்க்கப்பட்டனர். அங்கே தாய்மொழி தடுக்கப்பட்டது. பிள்ளைகள் பலர் அடிக்கும் பாலியல் கொடுமைக்கும் ஆளாயினர். பிழைத்து வந்தவர்கள் வளர்ந்து, நீதி கேட்டனர். கேட்ட நீதி எவ்வளவு கிடைத்தது, எங்கே நின்றுபோயிற்று என்பதே இவ்வுரையின் பொருள். இழப்பீட்டுத் தொகையோடு நீதி நிறைவு பெற்றுவிடுவதில்லை. துன்புற்றவர் சொல் முழுமையாகக் கேட்கப்படுதலும், பறிக்கப்பட்ட மொழி மீண்டும் அவர் பிள்ளைகள் நாவில் ஏறுதலும் நீதியின் பகுதிகளே என்பதை அவர்தம் போராட்டம் உணர்த்துகிறது.

நிலமும் மொழியும்

2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி கனடாவில் வாழும் இனுயிட் மக்கள் 70,000 பேருக்குச் சற்று மேற்பட்டோர். மேற்கே இனுவியாலுயிட் நிலப்பகுதி, நடுவே நுனாவுட், கிழக்கே கியூபெக் மாநிலத்தின் வடபகுதியாகிய நுனாவிக், லாப்ரடார்க் கடற்கரையிலுள்ள நுனாட்சியாவுட் என நான்கு பகுதிகள் அவர்களுடைய தாயகம். அவர்கள் பேசும் கிளைமொழிகள் அனைத்தையும் சேர்த்து 'இனுக்டுட்' என்பர். கிழக்குப் பகுதியில் வழங்குவது இனுக்டிடுட்.

இம்மொழியின் எழுத்து முறை தமிழறிந்தோரின் கருத்தைக் கவர்வது. ஒரு மெய்க்கு ஒரே வடிவம். அவ்வடிவத்தை எத்திசை நோக்கித் திருப்பி எழுதுகிறார்களோ அதற்கேற்ப இகரமோ உகரமோ அகரமோ அதனோடு சேரும். மேலே ஒரு புள்ளியிட்டால் உயிர் நெடிலாகிவிடும். தமிழில் புள்ளி உயிரை நீக்கி மெய்யைக் காட்டுகிறது. அங்கே புள்ளி உயிரை நீட்டிக் காட்டுகிறது. ஜேம்ஸ் எவான்ஸ் என்னும் சமயப் பணியாளர் கிரீ மொழிக்கென 1840ஆம் ஆண்டளவில் அமைத்த எழுத்து இது. எட்மண்ட் பெக் என்னும் ஆங்கிலிகன் பணியாளர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிழக்கு ஆர்க்டிக்கில் இதனைப் பரப்பினார். பள்ளிக்கூடமே இல்லாத நிலத்தில், வேட்டைக் கூடாரங்களிலும் பனி வீடுகளிலும் தாய் மகளுக்கும் அண்ணன் தம்பிக்கும் கற்பிக்க, இவ்வெழுத்து பரவியது. கல்வியே அறியாத மக்களுக்குக் கல்வி கொடுக்கப் போனோம் என்று பின்னாளில் கூறப்பட்டபோது, இவ்வுண்மை மறைக்கப்பட்டது.

அவர்கள் பெயரிடும் மரபும் எண்ணத்தக்கது. அண்மையில் மறைந்த ஒருவரின் பெயரைப் பிறந்த குழந்தைக்கு இடுவர். பெயரோடு உறவுமுறையும் சேர்ந்து வரும். பாட்டியின் பெயரைத் தாங்கிய சிறுமியைப் பெற்ற தாயே 'அம்மா' என்று அழைப்பதும் உண்டு. 'பேரன்', 'பேர்த்தி' என்னும் சொற்களுக்குள் 'பெயர்' இருப்பதை அறிந்த தமிழர்க்கு இம்மரபின் உட்பொருளை விளக்க வேண்டியதில்லை. ஒரு பெயரை அழித்தால் ஓர் உறவுச் சங்கிலி அறுபடும்.

அச்சங்கிலியில் கைவைத்தது அரசு. 1941ஆம் ஆண்டு முதல் ஒவ்வோர் இனுயிட் ஆளுக்கும் எண் பொறித்த ஒரு வட்டத் தகடு வழங்கப்பட்டது. அரசுப் பதிவேடுகளில் மனிதர் எண்ணாயினர். அதற்கு இரண்டாண்டு முன்னர், 1939இல், கனடாவின் உச்ச நீதிமன்றம் இம்மக்களும் அரசியலமைப்பின் நோக்கில் 'இந்தியர்' என்னும் சொல்லுக்குள் அடங்குவர் என்று தீர்ப்பளித்திருந்தது. அதனால் அவர்கள் நடுவணரசின் பொறுப்பாயினர். ஆனால் 1951ஆம் ஆண்டின் 'இந்தியர் சட்டம்' அவர்களை வெளிப்படையாகவே விலக்கியது. ஒரு சொல் அவர்களை உள்ளே இழுத்தது. அதே சொல் பின்னர் வெளியே தள்ளியது. இவ்வாடல் பின்னாளில் நீதிமன்றங்களிலும் தொடர்ந்தது.

பள்ளி வந்த வழி

கனடாவின் தென்பகுதியில் முதற்குடிப் பிள்ளைகளுக்கான உண்டு உறைவிடப் பள்ளித் திட்டம் 1880களிலேயே அரசின் பணமும் திருச்சபைகளின் மேலாண்மையுமாகத் தொடங்கிவிட்டது. மொத்தத்தில் 1,50,000க்கும் மேற்பட்ட முதற்குடி, மேட்டி, இனுயிட் பிள்ளைகள் அத்தகைய பள்ளிகளில் இருந்தனர். வடக்கே ஆக்லாவிக் போன்ற சில ஊர்களில் திருச்சபைப் பள்ளிகள் முன்னரே இருந்தபோதிலும், இனுயிட் நிலம் முழுவதும் இத்திட்டம் பரவியது இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர்தான். 1950களின் நடுவிலிருந்து அரசு பகற்பள்ளிகளைக் கட்டியது. அவற்றின் அருகே எழுந்த பெரிய விடுதிகளைக் கத்தோலிக்கத் திருச்சபையும் ஆங்கிலிகன் திருச்சபையும் நடத்தின. செஸ்டர்பீல்டு இன்லெட்டில் டர்க்கெட்டில் விடுதி, இனுவிக் நகரில் கத்தோலிக்கர்க்குக் குரோலியர் விடுதி, ஆங்கிலிகன் திருச்சபையார்க்கு ஸ்டிரிங்கர் விடுதி என அவை அமைந்தன. காலத்தால் பிந்தி வந்தமையால், இதன் தழும்பைச் சுமப்போர் பலர் 21ஆம் நூற்றாண்டிலும் உயிரோடிருந்து பேசினர். ஆவணங்களில் மட்டும் எஞ்சிய துயரமாக இது போய்விடவில்லை.

கோடை முடியும் நாளில் விமானமோ படகோ வரும். பாதிரியாரும், சில வேளை காவலரும் உடன் வருவர். பிள்ளைகளை அனுப்ப மறுத்தால் குடும்பத்திற்குரிய அரசு உதவித்தொகை நின்றுவிடும் என்ற அச்சம் பெற்றோர்க்கு இருந்தது. பிள்ளைகள் ஏறுவர். ஆண்டின் பெரும்பகுதி பெற்றோர் முகம் காணாமல் கழியும். கரிபூ மான் தோலாடை களையப்படும், தலைமுடி வெட்டப்படும், பச்சை இறைச்சியும் மீனும் உண்டு வளர்ந்த வயிற்றுக்குப் பழக்கமில்லாத உணவு வரும்.

பின்னாளில் நுனாவுட் நிலப்பகுதியின் ஆணையராக 2000 முதல் 2005 வரை பணியாற்றிய பீட்டர் இர்னிக், நௌயாட் என்னும் ஊரிலிருந்து 1958இல் தம் 11ஆம் வயதில் செஸ்டர்பீல்டுக்குக் கொண்டு செல்லப்பட்டவர். வகுப்பில் இனுக்டிடுட் பேசியதற்காக அடிபட்டதையும், அம்மொழியை இனிப் பேசலாகாது என்று ஆணையிடப்பட்டதையும் அவர் பல மேடைகளில் எடுத்துரைத்துள்ளார். பனியின் தன்மையைக் கண்டு வழியறிதல், கடல்நாயின் மூச்சுத் துளையருகே அசையாமல் காத்திருத்தல், தோல் தைத்தல் ஆகிய அனைத்தும் அவர்கள் மொழியில் சொல்லிச் சொல்லிக் கற்பிக்கப்படுவன. பத்துத் திங்கள் கழித்து ஊர் திரும்பிய மகனுக்குத் தந்தை சொல்வது விளங்கவில்லை. தந்தைக்கு மகன் பேசும் ஆங்கிலம் விளங்கவில்லை. அங்கே ஒரு வகுப்பறைத் தண்டனை ஒரு தலைமுறையின் ஊமைமையாயிற்று.

வரலாற்றை ஒரு பக்கம் மட்டும் காட்டிச் சொல்லுதல் முறையாகாது. செஸ்டர்பீல்டிலும் மனிட்டோபா மாநிலத்தின் சர்ச்சில் நகரத் தொழிற்பள்ளியிலும் பயின்றோர் சிலர் பின்னாளில் தலைவர்களாயினர். 1999 ஏப்ரல் 1ஆம் நாள் நுனாவுட் தனி நிலப்பகுதியாக மலர்ந்ததற்கு உழைத்தவர்களுள் முதன்மையானவராகக் கருதப்பெறும் ஜான் அமகோலிக் சர்ச்சிலில் பயின்றவர். தங்களுக்குக் கிடைத்த பாடக்கல்வி தரமானது என்பதை அவர்களுள் பலர் மறுத்ததில்லை. ஆயினும் கல்வி தருவதற்கு மொழியைப் பறிக்க வேண்டியதில்லை. குழந்தையின் உடலைச் சிதைக்க வேண்டியதில்லை. அக்கல்வியைக் கொண்டே அவர்கள் நீதி கேட்டனர் என்பது அப்பள்ளிகளுக்குப் பெருமை சேர்ப்பதன்று. அம்மக்களின் திண்மைக்குச் சான்று.

முதற்குரல்

துயரத்தை வெளியே சொல்லுதல் இனுயிட் மரபில் எளிதன்று. சிறு ஊர்களில் எல்லாரும் எல்லாருக்கும் உறவினர். பாதிரியாரைக் குறைகூறுதல் பெருங்குற்றம் போலக் கருதப்பட்ட காலம் அது. இவ்வமைதியை உடைத்தவர் மரியஸ் டுங்கிலிக். ஐந்து வயதில் நௌயாட்டிலிருந்து செஸ்டர்பீல்டுக்கு அனுப்பப்பட்ட அவர், 1990களின் தொடக்கத்தில் ரேங்கின் இன்லெட்டில் அரச ஆணையத்தின் முன் நின்று, தமக்கு நேர்ந்த பாலியல் கொடுமையை வெளிப்படையாகச் சொன்னார்.

அக்குரல் பிறரை அழைத்தது. பீட்டர் இர்னிக்கும், அந்நாளில் நாடாளுமன்ற உறுப்பினராயிருந்த ஜாக் அனவாக்கும் டுங்கிலிக்கோடு இணைந்தனர். 1993இல் பழைய மாணவர்கள் செஸ்டர்பீல்டிலேயே கூடினர். கொடுமை நேர்ந்த இடத்திலேயே நடுவயதுடைய ஆண்களும் பெண்களும் ஒருவரை ஒருவர் பற்றிக்கொண்டு அழுதனர். தமக்கு மட்டுமே நேர்ந்தது என்று ஒவ்வொருவரும் முப்பதாண்டு மறைத்து வைத்திருந்தது, பலர்க்கும் நேர்ந்தது என்று அன்று புலப்பட்டது. 1994இல் வடமேற்கு நிலப்பகுதி அரசின் வேண்டுகோளின்படி வழக்கறிஞர் கேத்தரின் பீட்டர்சன் அளித்த அறிக்கை, அப்பள்ளியிலும் விடுதியிலும் கடுமையான பாலியல் வன்செயல்கள் நிகழ்ந்தன என்று உறுதி செய்தது. 1996இல் அம்மறைமாவட்டத்தின் ஆயர் மன்னிப்புக் கோரினார். ஆயினும் காவல்துறை விசாரணை எவர்மீதும் வழக்காக முதிரவில்லை. குற்றம் நடந்தது என்பது ஏற்கப்பட்டது; குற்றவாளி என்று ஒருவரும் நிறுத்தப்படவில்லை.

வழக்குரை காதையில் கண்ணகியின் கையில் ஒரு சிலம்பு இருந்தது. உடைத்ததும் மாணிக்கம் தெறித்தது, அரசன் உண்மையறிந்தான். இம்மக்கள் கையில் அத்தகைய பொருள் ஏதும் இல்லை. முப்பதாண்டுக்கு முன் விடுதி அறையில் நிகழ்ந்ததற்கு அவர்தம் சொல்லே சான்று. அச்சொல்லை எந்த அவை, எந்த மொழியில், எவ்வளவு பொறுமையோடு கேட்கும் என்பதே நீதியின் முதல் வினாவாயிற்று.

சட்டத்தின் சொற்கள்

நாடு முழுவதும் தொடுக்கப்பட்ட பல்லாயிரம் வழக்குகளின் விளைவாக, உண்டு உறைவிடப் பள்ளி உடன்பாடு 2006இல் நீதிமன்ற ஒப்புதல் பெறத் தொடங்கி, 2007 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. இனுயிட் அமைப்புகளும் அதில் கையெழுத்திட்டன. பள்ளியில் இருந்தமைக்காகவே, முதல் ஆண்டுக்கு 10,000 டாலரும் தொடர்ந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 3,000 டாலரும் வழங்கப்பட்டன. உடற்கொடுமைக்கும் பாலியல் கொடுமைக்கும் தனி விசாரணை முறை அமைந்தது. அதில் கொடுமையின் வகைக்கும் அதன் விளைவுக்கும் மதிப்பெண் இட்டு, கூட்டுத் தொகைக்கேற்ப இழப்பீடு கணக்கிட்டனர். துயரத்திற்கு மதிப்பெண் இடும் அட்டவணை அது. தாய்மொழியை இழந்ததைத் தனிக் கொடுமையாகக் குறித்து மதிப்பெண் பெற அதில் இடமில்லை.

2008 ஜூன் 11ஆம் நாள் பிரதமர் ஸ்டீபன் ஹார்ப்பர் மக்களவையில் மன்னிப்புக் கோரினார். அன்று அவ்வவையில் மறுமொழி கூறிய முதற்குடித் தலைவர்களுள் ஒருவர் மேரி சைமன் அம்மையார். அவர் இனுயிட் மக்களின் நாடளாவிய அமைப்பின் தலைவர். அவர் முதலில் பேசியது இனுக்டிடுட்டில். இம்மொழி இன்னும் வலிமையோடு இருக்கிறது என்பதைக் காட்டவே அவ்வாறு பேசியதாகப் பின் ஆங்கிலத்தில் விளக்கினார். எந்த மொழியை ஒழிக்க அரசு பள்ளி நடத்தியதோ, அந்த மொழியே அவ்வரசின் மன்றத்தில் ஒலித்தது. அவரே 2021இல் கனடாவின் ஆளுநர் நாயகமாகப் பொறுப்பேற்றார். அப்பதவியை ஏற்ற முதல் முதற்குடியினர் அவர்.

எனினும் சட்டத்தின் சொற்கள் சிலரை வெளியே நிறுத்தின. 'உண்டு உறைவிடப் பள்ளி' என்றால் என்ன? ரேங்கின் இன்லெட்டிலிருந்த கிவாலிக் விடுதியில் 1985 முதல் 1997 வரை பிள்ளைகள் ஊரைப் பிரிந்து தங்கினர். அது நிலப்பகுதி அரசின் பொறுப்பிலிருந்தது, நடுவணரசுக்குரியதன்று என்று கூறிப் பட்டியலில் சேர்க்க மறுத்தனர். அங்கே தங்கியோர் நீதிமன்றம் சென்றனர். கீழ்மன்றமும் மேல்முறையீட்டு மன்றமும் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்த பின்னரே, 2019இல் அவ்விடுதி பட்டியலில் ஏறியது. இத்தீர்ப்பின் பயன் தொகையளவில் நிற்பதன்று. கனடாவின் இறுதி உண்டு உறைவிடப் பள்ளி 1996இல் மூடப்பட்டது என்று ஏடுகள் எழுதிவந்தன. 1997 வரை இயங்கிய கிவாலிக் விடுதியோர் தம் வழக்கால் அவ்வரலாற்று வரியையே திருத்தினர்.

லாப்ரடாரின் காத்திருப்பு

இதனினும் நீண்ட காத்திருப்பு லாப்ரடாரில் நிகழ்ந்தது. அங்கே மொரேவியன் சபையார் 1771இல் நெயின் என்னும் ஊரை நிறுவினர். அதற்குப் பதினோராண்டு முன் தரங்கம்பாடியில் குடியேறித் தோட்டம் அமைத்த அதே சபையார் இவர்கள். தொடக்கத்தில் அவர்கள் நடத்திய பள்ளிகளில் இனுயிட் மொழியிலேயே பாடம் நடந்தது. நியூபவுண்ட்லாந்தும் லாப்ரடாரும் 1949இல் கனடாவோடு இணைந்த பின்னர் ஆங்கிலம் அவ்விடத்தைப் பிடித்தது. மொரேவியன் சபையும் கிரென்பெல் மருத்துவப்பணிச் சங்கமும் நடத்திய விடுதிகளில் பிள்ளைகள் தங்கினர். அவற்றுள் இறுதியானது 1980இல் மூடப்பட்டது.

2007இல் நடைமுறைக்கு வந்த உடன்பாட்டிலும் 2008ஆம் ஆண்டின் மன்னிப்பிலும் இவர்கள் இடம்பெறவில்லை. அப்பள்ளிகளை நடுவணரசு தொடங்கவுமில்லை, நடத்தவுமில்லை என்பது அரசு கூறிய காரணம். மக்களவையில் கேட்ட மன்னிப்பைத் தொலைக்காட்சியில் கண்ட லாப்ரடார் இனுயிட் மக்கள், தங்கள் பெயர் அதில் வராததையும் கேட்டுக்கொண்டிருந்தனர். அவர்கள் சார்பில் 2007இல் தொடுக்கப்பட்ட கூட்டு வழக்கு 2015இல்தான் செயின்ட் ஜான்ஸ் நகரில் விசாரணைக்கு வந்தது. முதியவர்கள் சான்றுரைக்க நீண்ட தொலைவு பயணம் செய்தனர். 2016இல் 5 கோடி டாலருக்கு உடன்பாடு ஏற்பட்டது. ஏறத்தாழ 900 பேர் அதற்குரியவர். ஒன்பதாண்டு நடந்த வழக்கின் முடிவைக் காணாமலே மறைந்தவரும் பலர்.

2017 நவம்பர் 24ஆம் நாள் பிரதமர் ஜஸ்டின் ட்ரூடோ ஹாப்பி வேலி கூஸ் பே நகருக்குச் சென்று மன்னிப்புக் கோரினார். மேடையில் நின்று அதனை ஏற்றவர் டோபி ஒபெட் என்னும் இனுக். பள்ளி விடுதியில் குழந்தைப் பருவத்தை இழந்தவர் அவர். பல்லாண்டு வழக்கின் முகமாக விளங்கியவர். கண்ணீரோடு அவர் அம்மன்னிப்பை ஏற்றுக்கொண்டார். அதே பகுதியில் வாழும் வேறோர் இனத்தாராகிய இன்னு மக்களின் தலைமையோ அம்மன்னிப்பை ஏற்க மறுத்துவிட்டது. தங்கள் துயரம் இப்பள்ளிகளோடு அடங்குவதில்லை என்பது அவர்கள் நிலை. ஏற்றவரும் மறுத்தவரும் ஓர் உண்மையையே உணர்த்தினர்: மன்னிப்பு என்பது கோருபவர் உரிமையன்று, அதனை ஏற்பதும் மறுப்பதும் துன்புற்றவர் உரிமை.

கடல் கடந்தவர்

தனிமனிதக் குற்றம் ஒன்றும் இவ்வரலாற்றோடு பின்னிக் கிடக்கிறது. செஸ்டர்பீல்டு விடுதியை நடத்திய சபை, யாழ்ப்பாணத்தார்க்கும் அறிமுகமான அமலமரித் தியாகிகள் சபை. அச்சபையைச் சேர்ந்த ஜோஆனஸ் ரிவுவார் என்னும் பிரெஞ்சுப் பாதிரியார் 1960கள் முதல் நுனாவுட் ஊர்களில் பணியாற்றி, 1993இல் பிரான்சுக்குத் திரும்பினார். சிறுவரிடம் பாலியல் வன்செயல் புரிந்ததாக அவர்மீது 1998இல் பிடியாணை பிறந்தது. அது செயற்படாமலே இருந்து 2017இல் கைவிடப்பட்டது. 2022இல் புதிய பிடியாணை பிறந்தது. கனடா அவரை ஒப்படைக்குமாறு கேட்டது. தன் குடிமகனைப் பிற நாட்டிடம் ஒப்படைப்பதில்லை என்று பிரான்சு மறுத்தது.

அவ்வாண்டு செப்டம்பரில் நுனாவுட்டிலிருந்து ஒரு தூதுக்குழு பிரான்சு சென்றது. 2012இல் மறைந்துவிட்ட மரியஸ் டுங்கிலிக்கின் மகளும் அதில் இருந்தார். லியோன் நகரில் அம்முதியவரை அவர்கள் நேரில் கண்டு பேசினர். அவரோ குற்றத்தை இறுதிவரை மறுத்தார். 2024 ஏப்ரலில் தம் 93ஆம் வயதில் இறந்தார். நீதிமன்றத்தில் அவ்வழக்கு ஒரு நாளும் விசாரிக்கப்படவில்லை. குற்றவாளி என்ற தீர்ப்பும் இல்லை; குற்றமற்றவர் என்ற தீர்ப்பும் இல்லை. குற்றஞ்சாட்டியோர்க்குத் தம் சொல்லை அளந்து பார்க்க ஒரு மன்றமே கிடைக்கவில்லை. காலம் கடந்த நீதியைப் பற்றிப் பேசுவோர் பலர். காலமே குற்றத்தின் துணைவனாக நின்றதற்கு இது சான்று.

போப் பிரான்சிஸ் 2022 ஜூலை 29ஆம் நாள் இக்காலுயிட் நகருக்கு வந்து, பள்ளியொன்றில் பாதிக்கப்பட்டோரைச் சந்தித்து மன்னிப்புக் கோரினார். தனிக் கத்தோலிக்கர் செய்த தீமைக்கு வருந்திய அவர், திருச்சபை என்னும் அமைப்பின் பொறுப்பைப் போதிய அளவு ஏற்கவில்லை என்ற குறையும் அப்போது எழுந்தது.

சான்றுரை யாருடையது?

கவிஞர்களும் படைப்பாளர்களும் கூர்ந்து நோக்க வேண்டிய ஒரு சிக்கல் இங்கே எழுகிறது. இழப்பீட்டு விசாரணையில் பல்லாயிரம் பேர் தம் வாழ்வின் மிக மறைவான பகுதியைச் சொன்னார்கள். அப்பதிவுகளை வரலாற்றுக்காகக் காக்க வேண்டுமா, சொன்னவரின் மானத்தைக் காக்க அழிக்க வேண்டுமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2017 அக்டோபரில் அம்மன்றம் தீர்ப்பளித்தது: பதிவுகள் 15 ஆண்டு காக்கப்படும், அதற்குள் சொன்னவர் விரும்பினால் ஆவணக்காப்பகத்தில் சேரும், விரும்பாவிடில் அழிக்கப்படும். எத்தகைய சிறந்த நோக்கமும் பிறர் துயரத்தின்மேல் உரிமை தராது என்பதே அத்தீர்ப்பின் உட்பொருள். பிறர் கண்ணீரைப் பாடுபொருளாக்கும் எவரும் மனத்திற்கொள்ளத்தக்க நெறி இது.

இதற்கு மாறாகத் தாமே விரும்பிப் பேசியோரும் எழுதியோரும் உளர். உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2008 முதல் 2015 வரை 6,500க்கும் மேற்பட்டோரின் உரைகளைக் கேட்டது. இனுயிட் மக்களுக்கெனத் தனித் துணை ஆணையம் அமைந்தது. 2011 கோடையில் இனுவிக் நகரில் பெருங்கூட்டம் நடந்தது. இறுதி அறிக்கையில் இனுயிட் மற்றும் வடபுல மக்களின் பட்டறிவுக்கென ஒரு தனித் தொகுதியே ஒதுக்கப்பட்டது.

ஆணையத்திற்கு நெடுநாள் முன்னரே, ஆக்லாவிக் பள்ளியில் பயின்ற அந்தோணி அபகார்க் திராஷர் சிறையிலிருந்தபடி எழுதிய தன்வரலாறு 1976இல் வெளிவந்தது. அதே ஊரின் பள்ளியில் தம் இயற்பெயரை இழந்து 'மார்கரெட்' ஆக்கப்பட்ட ஒலிமௌன் என்னும் சிறுமி, முதுமையில் தம் மருமகளோடு இணைந்து தம் கதையைக் குழந்தைகளுக்கான நூலாக 2010இல் தந்தார். பாட்டியொருத்தி குழந்தைகளிடம் தன் குழந்தைமையைச் சொல்லும் அந்நூலில் அவரது இயற்பெயர் திரும்ப வந்தது. எந்த நீதிமன்றமும் அளிக்க இயலாத தீர்ப்பு அது.

மொழி மீட்சியே நிறைவான நீதி

நுனாவுட்டில் இனுக்டுட் ஆட்சிமொழிகளுள் ஒன்று. 2008இல் அங்கே மொழிக் காப்புச் சட்டமும் இயற்றப்பட்டது. பெற்றோர் விரும்பினால் பிள்ளைக்கு இனுக்டுட் வழியே கல்வி தரவேண்டும் என்பது அச்சட்டத்தின் உயிர்ப்பகுதி. ஆனால் பயிற்சி பெற்ற ஆசிரியர் போதவில்லை. உயர் வகுப்புகளில் ஆங்கிலமே ஆண்டது. 2020இல் நிறைவேறிய ஒரு திருத்தச் சட்டம், பன்னிரண்டாம் வகுப்பு வரை இனுக்டுட் மொழிப்பாடம் கற்பிக்கும் இலக்கை 2039 வரை தள்ளிவைத்தது. அடுத்த ஆண்டே, நுனாவுட் இனுயிட் மக்களின் உரிமை அமைப்பாகிய நுனாவுட் டுங்காவிக், அம்மண்ணின் அரசின் மீதே வழக்குத் தொடுத்தது. ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் கல்வி கிடைக்க, பெரும்பான்மையோர் தாய்மொழியில் கிடைக்காமை வேறுபாடு காட்டுதலாகும் என்பது அதன் வாதம்.

இவ்வழக்கைப் பள்ளித் துயரத்தின் தொடர்ச்சியாகவே காணவேண்டும். அடித்து மொழியைத் தடுத்த ஆசிரியர் இன்று இல்லை. தம் மொழியில் கற்பிக்கும் ஆசிரியரும் போதிய அளவு இல்லை. மொழியை அடக்கிய தலைமுறைக்கு இழப்பீடு வழங்கிவிட்டு, அதன் பேரக்குழந்தைக்கு அம்மொழியில் பாடநூல் வழங்காவிடில், காசோலை கொடுத்த கை பழைய பிரம்பை முற்றிலும் கீழே போடவில்லை என்றே பொருள்படும்.

இனுயிட் அவைகள் கூடும்போது, மூதாட்டி ஒருவர் கல்லால் ஆன குல்லிக் என்னும் விளக்கை ஏற்றுவது வழக்கம். கடல்நாயின் கொழுப்பே அதற்கு எண்ணெய். காட்டுப் பஞ்சுத் திரியை விளிம்பு நெடுகப் பரப்பி, சுடர் அணையாமலும் புகையாமலும் ஒருவர் அருகிருந்து ஓயாமல் சீர்செய்துகொண்டே இருப்பார். பாதிக்கப்பட்டோர் சான்றுரைத்த கூட்டங்களிலும் அவ்விளக்கு எரிந்தது.

அம்மக்கள் பெற்ற நீதியும் அத்தகையதே. ஒரு தீர்ப்பாலோ ஒரு மன்னிப்பாலோ ஏற்றப்பட்டு, தானே எரிந்துகொண்டிருக்கும் விளக்கன்று அது. டுங்கிலிக் பேசினார், இர்னிக்கும் அனவாக்கும் உடன் நின்றனர், லாப்ரடார் முதியோர் ஒன்பதாண்டு காத்தனர், கிவாலிக் விடுதியோர் ஒரு சொல்லின் பொருளையே விரித்தனர், ஒரு மகள் தந்தை விட்ட வழக்கோடு கடல் கடந்தாள். ஒவ்வொருவரும் திரியைச் சற்றே தூண்டினர். சொல்லைத் தொழிலாகக் கொண்ட இவ்வவையினர், தம் சொல்லையன்றி வேறு சான்றில்லாமல் அரசையும் திருச்சபையையும் எதிர்நின்ற அம்மக்களை நினைவிற்கொள்வார்களாக. இனுக்டுட் மொழியில் ஒரு பேர்த்தி தன் பாட்டியோடு தடையின்றிப் பேசும் நாளே அவ்வழக்கின் தீர்ப்பு நாள்.